மலைக்குப் போன செவலை

என் அக்காவும் மாமாவும் முப்பது வருடத்துக்கு மேல் மாடுகளோடு வாழ்ந்தவர்கள். பொள்ளாச்சிக்கு அப்பால், மலையடிவாரத்தில் அவர்களுடைய பண்ணை. மாமா சந்தைக்குப் போவார், அக்கா பால் கறப்பாள். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி பார்க்கும் வழக்கம் சந்தையில் உண்டு. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். "நமக்குச் சுழியெல்லாம் கெடையாது அம்மணி, ஆண்டவர் படைச்சதுல நல்லது கெட்டது என்ன இருக்குது" என்பார் மாமா. ஆனால் மாட்டைத் தட்டிக்கொடுக்கும் சாக்கில் அவர் விரல்கள் எல்லாச் சுழிகளையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்துவிடும். அக்கா தூர நின்று சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஈஸ்டர் அன்று கோயிலிலிருந்து வந்ததும் மாமா பண்ணையை மகன் கையில் ஒப்படைத்தார். "இனி நானும் உங்கொம்மாவும் ஊழியத்துக்குப் போறோம்" என்றார். எல்லோரும் திகைத்து உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் எழுந்து, "ஏனுங்க, சாயங்காலப் பாலைக் கறந்துபோட்டுப் போலாமுங்களா, இப்பவே கெளம்பணுமுங்களா?" என்று கேட்டாள்.

அவர்கள் போனது வெளிமாநிலத்துக்கு அல்ல. பண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே மலைக்குத்தான். வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டி அரை நாள் ஏறினால், காட்டுக்குள் மலைவாழ் மக்கள் இருக்கும் ஊர் வரும். அங்கே ஊரைப் பதி என்பார்கள். எங்கள் திருச்சபை அங்கே ஒரு மாலைப் பள்ளியும் சின்ன மருந்தகமும் வைத்திருந்தது. இரண்டையும் இவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமா அங்கே செய்த முதல் ஜெபத்தில் மனிதர்களுக்கு முன்னால் அந்த ஊர் ஆடுகளுக்காக வேண்டிக்கொண்டாராம். ஜெபம் முடிந்ததும் பதியின் பெண்களில் ஒருத்தி, "சாமி பேச்சு நல்லாத்தான் இருக்குது. கொழந்தைக வெறும் டீத்தண்ணி குடிக்குதுகளே, மாடு ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். மாமாவுக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த கோடையில் தன் பழைய கொட்டகையிலிருந்து இரண்டு கறவை மாடுகளை மேலே கொண்டுபோவது என்று முடிவு செய்தார். ஒன்று சாம்பல் நிற மயிலை, இன்னொன்று சிவப்புச் செவலை.

இதுவரைக்கும் எனக்கு எல்லாமே வேடிக்கைதான். அந்த நேரம் பார்த்து, நர்சிங் முடித்திருந்த என் ஒரே மகள், "மருந்தகத்துக்கு ஆள் இல்லையாம். ஒரு வருஷம் பெரியம்மாகூட இருக்கறேன்" என்றாள்.

நான் கோயமுத்தூர் துடியலூரில் பள்ளி ஆசிரியை. மகள் பஸ்ஸில் உக்கடம் போய்வருவதற்குள் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்து காலைத் தேய்த்துக்கொள்கிறவள். என் வீட்டுக்காரர், "போகட்டும் விடு" என்று சொல்லிவிட்டு பேப்பரை விரித்துக்கொண்டார். கடைசியில் ஓர் உடன்பாடு. மாடு ஓட்டிப் போகும்போது அவளும் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாள். பள்ளி விடுமுறை என்பதால் நான் அடிவாரப் பண்ணையில் காத்திருப்பேன். அதன் பிறகு நான் சொல்வதுதான் முடிவு. என்ன சொல்லப்போகிறேன் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

விடியற்காலையில் புறப்பட்டார்கள். செவலையின் கன்று கொட்டகையில் நின்று கத்தியது. "கன்னையும் ஓட்டிட்டுப் போலாமுல்லீங்க மாமா?" என்று கேட்டேன்.

"அது பால் மறந்து ரெண்டு மாசமாச்சு அம்மணி. தாய்க்கும் நெனப்பு இருக்காது. மாட்டைப் பத்தி நீ எனக்குச் சொல்றயா?" என்றார். அக்கா மயிலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். செவலை நின்றுகொண்டிருந்தது. கூட ஆள் யாரும் இல்லை. கழுத்தில் கயிறும் இல்லை. அதற்குப் பதிலாக என் மகளின் நீலத் துப்பட்டா முடிச்சுப் போட்டுத் தொங்கியது. நுனி கிழிந்து, சேறும் முள்ளுமாக இருந்தது.

நான் கத்திய கத்தலில் அக்கா மகன் பல் விளக்கிய நுரையோடு ஓடிவந்தான். மாடு தன் பாட்டுக்கு என்னைத் தாண்டிக் கொட்டகைக்குள் போய்விட்டது. அவனுடைய மொபெட்டில் உட்கார்ந்து செக்போஸ்ட் போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தெரிந்த பைபிள் சங்கீதங்களையெல்லாம் அரையும் குறையுமாகச் சொல்லி முடித்திருந்தேன்.

"மாடு ஒண்ணு போச்சுங்க, ஆளுக யாரும் எறங்கல. மேல ஆனை நடமாட்டம் இருக்குது, நீங்க போகாதீங்க" என்றார் காவலர். அவர் சொல்லி முடிக்கும்போது நான் தடுப்புக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தேன். அவரும் திட்டிக்கொண்டே கூட வந்தார்.

இரண்டு மணி நேரம் ஏறியிருப்போம். முதலில் மாமாவின் குரல் கேட்டது. யாரையோ கடிந்துகொள்ளும் குரல். வளைவில் என் மகள் வந்தாள். முகமெல்லாம் கீறல், கையில் ஒரு குச்சி. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது: "அம்மா, மாடு வந்துதா?"

"மாடா? மாடாடி கேக்கறே?" என்று கையை ஓங்கினேன். ஓங்கிய கை அவளைக் கட்டிக்கொண்டது.

விஷயம் இவ்வளவுதான். பாதி மலையில் செவலை இழுத்த இழுப்பில் கயிறு அறுந்திருக்கிறது. மகள் துப்பட்டாவைக் கட்டி எப்படியோ பதிவரை கொண்டுபோய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் மாடு அவள் கையை உதறிவிட்டுக் கீழே ஓட்டம் பிடித்துவிட்டது. துரத்தி முள்ளில் விழுந்ததுதான் கீறல். விடிந்ததும் அக்காவை மயிலையோடு பதியில் விட்டுவிட்டு, பெரியப்பாவோடு தேடிக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

அவர்கள் பின்னால் இன்னொருத்தியும் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் அரிவாள், தோளில் சுருட்டிய போர்வை. மாடு கேட்டவள் அவள்தான். என்னை மேலும் கீழும் பார்த்து, "பொண்ணோட அம்மாவா? எதுக்கு இப்பிடி அழுகுறே?" என்றாள்.

"தனியாப் போனவ, காடு..." என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"யாரு தனியாப் போனது? ராத்திரி எங்கூட்டுல என் புள்ளைகளுக்கு நடுவுல படுத்திருந்தா. இப்பக் கீழ விடறதுக்கு நான் வரலையா? மாட்டைத்தான் தொலைச்சுப்போட்டோம், பொண்ணைத் தொலைக்க மாட்டோம்."

பண்ணைக்கு எல்லோரும் வந்து சேர்ந்தபோது செவலை கண்ணை மூடி நின்றிருந்தது. கன்று முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பால் மறந்த கன்னு இப்பிடிக் குடிக்குமாடா?" என்று மகனைக் கேட்டார்.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா மேலிருந்து எறங்கி வாரப்பெல்லாம் உங்களுக்குத் தெரியாம கன்னை அவுத்துவிடுமுங்க. இல்லாதப்ப என்னை அவுத்துவிடச் சொல்லியிருக்குது. கன்னு கத்தறது மனசு தாங்கலையாமா" என்றான்.

"இத்தனை வருஷம் மாடு வெச்சிருந்தவ செய்யற வேலையா இது!" என்றார் மாமா. பதியிலிருந்து வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் காப்பி குடித்தேன்.

அன்று முழுவதும் மகளிடம் நான் முடிவு எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் செவலையைக் கன்றோடு மேலே ஓட்டக் கிளம்பியபோது, நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். "நீ எதுக்கு அம்மணி? மூட்டு வலின்னு சொன்னயே" என்றார் மாமா.

"கன்னைத் தள்ள ஆள் வேண்டாமுங்களா?"

தள்ளத்தான் வேண்டியிருந்தது. ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் கன்று நடுப்பாதையில் படுத்துக்கொண்டது. நான் பின்னாலிருந்து தள்ள, என் மகள் முன்னால் புல்லைக் காட்டிக் கூப்பிட, ஆளுக்கொரு பக்கம் மூச்சிரைத்தோம். பதியில் அக்கா ஓடிவந்து முதலில் கன்றின் முகத்தைத் தடவினாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். "நீயுமா?" என்றாள். மாமா தொண்டையைச் செருமினார். "ஏனுங்க, தண்ணி காயுது, குளிச்சுப்போட்டு வந்து அப்புறம் திட்டுங்க" என்று அக்கா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

மகள் தங்கவிருந்த அறையைப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தேன். மாடு கேட்ட அந்தப் பெண் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "பயம்னா எங்கூட்டுக்கு வந்துருவா, நாலு எட்டுத்தான்" என்றாள். சாயங்காலம் பள்ளிக்கு முன்னால் வெறும் தரையில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து டம்ளர்களை நீட்டினார்கள். அக்கா பாலை ஊற்ற, என் மகள் ஒரு பையனின் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். அவன் அலறினான். "கண்ணு, முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றாள். அந்தக் குரல் எனக்குப் புதிது.

மூன்று நாள் இருந்தேன். பயம் போயிற்று என்று சொல்ல மாட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்த காரணங்களில் ஒன்றையாவது அவளிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயெடுப்பேன். அதற்குள் யாராவது காய்ச்சல் என்று வந்து நிற்பார்கள், அவள் எழுந்து போய்விடுவாள்.

துடியலூர் வீட்டுக் கதவை என் வீட்டுக்காரர் திறந்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கே பொண்ணு?" என்றார்.

"வேலைக்குச் சேந்துட்டா" என்றேன்.