முந்தாமல் வந்த பேருந்து

என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். அவருக்கு பைக் ஓட்டத் தெரியாது. இந்த இரண்டு செய்திகளும் ஒரே ஆளைப் பற்றியவை என்பதை ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாரும் நம்பியதில்லை. எனக்குப் பத்து வயதாகும் வரை நானும் நம்பவில்லை. அவ்வளவு பெரிய வண்டியை வளைத்து நெளித்துக் கொண்டுபோகிறவருக்கு, பால்காரர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போகிற வண்டி எப்படித் தெரியாமல் இருக்கும்?

தெரியாமலிருந்ததால் ஆறு வருடம் எந்தக் குறையும் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டெப்போவிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பும் முதல் வண்டி அப்பாவுடையது. அதே வண்டியின் கண்டக்டர் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து அப்பா வேலைக்குப் போய்விடுவார். அந்தக் கண்டக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அப்பா வாரத்தில் நான்கு இரவு டெப்போவிலேயே படுக்க வேண்டியதாயிற்று. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, டிவி ரிமோட் என் கையில் இருந்தது. அம்மாவுக்கு வருத்தம் இருந்தது. பகலெல்லாம் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துவிட்டு வந்து, ஒரு தட்டுக் குறைவாகச் சோறு போடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

“ஊர்ல சின்னப் பயலுவல்லாம் ஓட்டுதானுவ, ஒங்களுக்கு என்ன?” என்று கேட்டாள்.

அப்பா பல காரணங்கள் சொன்னார். முதுகுவலி என்றார். கண்ணில் காற்றுப் பட்டால் நீர் வடிகிறது என்றார். பஸ் ஓட்டுகிறவன் பைக் ஓட்டினால் கை கெட்டுவிடும் என்று ஒருநாள் சொன்னபோது அம்மாவுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. எழுந்துபோய்த் தன் தங்கைக்குப் போன் செய்தாள்.

சித்தி கான்சாபுரத்தில் இருந்தாள். சித்தப்பா ராணுவத்தில் இருந்தார், வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவருடைய பைக் மாட்டுக் கொட்டகை ஓரமாகச் சாக்குப் போர்த்தி நின்றது. கல்யாணமான இரண்டாம் வருடம் சித்தி அந்தச் சாக்கை எடுத்துவிட்டு, தானே உருட்டி, தானே விழுந்து, தானே ஓட்டப் பழகியவள். தோப்புக்கு உரமூட்டை கொண்டுபோக ஒவ்வொரு தடவையும் ஆள் தேட முடியவில்லை என்பதுதான் அவள் சொன்ன காரணம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வருகிற சத்தத்துக்கு வத்திராயிருப்புக் கடைத்தெருவில் வழி விடுவார்கள்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். டெப்போவில் யாருக்கும் தெரியக் கூடாது. ஆகவே வாராந்திர விடுமுறை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு கான்சாபுரம் போவார். கேட்பவர்களிடம், “பாப்பாவுக்கு பிளவக்கல் அணையப் பாக்கணுமாம்” என்பார். அந்த இரண்டு மாதத்தில் நான் அணையை ஒரே ஒருமுறை பார்த்தேன். மற்ற நாளெல்லாம் தென்னந்தோப்பை ஒட்டியிருந்த நெல் களத்தில், அப்பா பைக்கைப் பழக்குவதையும் பைக் அப்பாவைப் பழக்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய கஷ்டம் மற்றவர்கள் படுகிற கஷ்டம் இல்லை. இருபது வருடமாக இடதுகாலால் கிளட்ச் மிதித்தவர், இடதுகையால் கியர் போட்டவர். பைக்கில் அது தலைகீழ். கிளட்ச் கையில் இருக்கிறது, கியர் காலில் இருக்கிறது. பதற்றம் வந்தால் போதும், இடதுகால் கிளட்ச் என்று நினைத்து கியரை ஓங்கி மிதிக்கும். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்துபோகும். இரண்டாவது நாள் அப்படித்தான் தேங்காய்மட்டைக் குவியலில் போய் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. எழுந்ததும் அவர் முதலில் பார்த்தது முழங்கையை அல்ல, வரப்பில் யாராவது நிற்கிறார்களா என்பதைத்தான்.

சித்தி சிரிக்கவில்லை. மற்ற நேரங்களில் அப்பாவைக் கேலி செய்யாமல் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டாள். கொழுந்தியாளுக்கு அந்த உரிமை உண்டு என்பாள். ஆனால் களத்தில் இறங்கிவிட்டால் அவளுடைய குரலே வேறு.

“அத்தான், கிளட்ச வெடுக்குனு விடாதிய. தூங்குத பிள்ள நம்ம விரலப் புடிச்சிருந்தா எப்பிடி உருவுவோம்? அப்பிடி விடுங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் கைக்குழந்தையாக இருந்ததை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அந்த முறை வண்டி துள்ளாமல் நகர்ந்தது. பத்தடி போனது. உடனே முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், வண்டி ஆட ஆரம்பித்தது.

“சக்கரம் எங்கயும் ஓடிப் போவாது, அதப் பாக்காதிய! போற எடத்தப் பாருங்க. பஸ்ஸுல சக்கரத்தக் குனிஞ்சு பாத்தா ஓட்டுதிய?”

அது அவருக்குப் புரிகிற பேச்சு. நிமிர்ந்தார். களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சித்தி ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, “இன்னைக்கு இம்புட்டுப் போதும். நல்லாப் போயிக்கிட்டு இருக்கும்போதே நிப்பாட்டிரணும். அப்பதான் அடுத்த தடவ கை தானா வரும்” என்றாள்.

இப்படி வாரம் வாரம் போய், களத்திலிருந்து தோப்புப் பாதை, தோப்புப் பாதையிலிருந்து அணைக்குப் போகிற சாலை என்று அப்பா முன்னேறினார். லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டுமிடத்தில் கல்லூரிப் பையன்களின் வரிசையில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். கனரக வாகன லைசென்ஸைப் பார்த்த அலுவலர் அவர் முகத்தையும் லைசென்ஸையும் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாராம். காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் சித்தி, “வண்டிய வீட்டுக்குக் கொண்டுபோங்க அத்தான். ஒரு மாசம் ஒங்ககிட்ட நிக்கட்டும். நான் பஸ்ஸுல வந்து அக்காவப் பாத்துட்டு வாரேன்” என்றாள். அப்பா எனக்கும் சேர்த்து இரண்டு ஹெல்மெட் வாங்கி வைத்திருந்தார். என்னுடையது தலையில் ஒரு பானையைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. பகல் பதினொரு மணிக்கு, கான்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு, முதல்முறையாகப் பெரிய சாலையில் கிளம்பினோம்.

வத்திராயிருப்பு தாண்டும்வரை ஒன்றுமில்லை. தாண்டியதும் பின்னால் ஒரு பஸ்ஸின் சத்தம் கேட்டது. அப்பா உடனே வண்டியைச் சாலையை விட்டு மண்ணில் இறக்கி, இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டார். பஸ் புழுதியை அள்ளி எங்கள்மேல் போட்டுவிட்டுப் போனது. கிளம்பினோம். ஒரு மினிபஸ் வந்தது. மறுபடியும் மண். ஒரு செங்கல் லாரி வந்தது. மறுபடியும் மண். சைக்கிளில் போன ஒரு கிழவர் எங்களை இரண்டு தடவை முந்திப் போனார்.

“எதுக்குப்பா நிக்கிய?” என்று கேட்டேன்.

“மேல ஒக்காந்து ஓட்டுதவனுக்கு இடதுபக்கம் கொஞ்ச எடம் தெரியாது பாப்பா. கண்ணாடியிலயும் வராது. நாம அந்த எடத்துல இருந்துரக் கூடாது.”

நான் சாலையின் இடதுபக்கம் முழுவதும் அந்த இடத்தைத் தேடினேன். கத்தாழையும் ஒரு மைல்கல்லும்தான் இருந்தன.

சுந்தரபாண்டியத்துக்கு முன்னால் நான்காவது தடவையாக நின்றோம். ஹெல்மெட்டுக்குள் வியர்வை, வாயில் புழுதி. என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. திரும்பிப் பார்த்தேன். வருவது ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ். முன் ஜன்னலில் சித்தி உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கிச் சாலையோரம் ஓடி, கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

பஸ் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் அப்பாவின் டெப்போ நண்பர், அப்பாவைவிட நாலைந்து வயது இளையவர். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குப் பட்டாசு கொண்டுவருகிறவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவர் எட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

“அண்ணே! நீங்களா? என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?”

“ஆமா, பெட்ரோலு...” என்று அப்பா இழுத்தார்.

“இல்ல மாமா, பெட்ரோல் இருக்கு. அப்பா பஸ்ஸுக்குப் பயந்து நிக்காரு” என்றேன்.

இடதுபக்க ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள் தெரிந்தன. யாரோ ஒருவர், “நம்ம மொத பஸ்ஸு டிரைவர்லா அவரு!” என்றார். சிரிப்பு பஸ்ஸின் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடியது. இரண்டு பேர் செல்போனை வெளியே நீட்டிப் படம் பிடித்தார்கள். சித்தி என்னை முறைத்த முறைப்பு இன்றைக்கும் என் முகத்தில் இருக்கிறது. அப்பா ஹெல்மெட்டின் கண்ணாடியை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை.

சிரிக்காதவர் அந்த ஓட்டுநர் மாமா ஒருவர்தான். அவர் இன்ஜினை அணைத்தார். பஸ்ஸுக்குள் சத்தம் அடங்கிய பிறகு சொன்னார்.

“அண்ணே, பிள்ளைய இங்க ஏத்தி விடுங்க. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன். நான் முந்த மாட்டேன். வேற எவனையும் முந்த விடவும் மாட்டேன்.”

“ஆளுக இருக்காவளே, டைம்...”

“நீங்க போங்கண்ணே.”

நான் ஏறிச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு வருகிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. காற்று வந்தது, அது போதுமாயிருந்தது. அப்பா வண்டியைச் சாலையில் ஏற்றினார். பஸ் அவருக்குப் பின்னால் ஊர்ந்தது.

முன் கண்ணாடி வழியாகப் பார்க்கையில் அப்பா ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார். சட்டை காற்றில் உப்பி, தோள் இரண்டும் காதுவரை ஏறி, சாலையின் நடுவில் ஒரு ஹெல்மெட் மட்டும் போவதுபோல் இருந்தது. மாட்டுவண்டி போகிற வேகம். பின்னாலிருந்து ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. மாமா பஸ்ஸை நடுவில் வைத்து அதை விடவே இல்லை.

முதலில் முணுமுணுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஒருவர், இப்படியே போனால் டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவார் என்றார். கண்டக்டர் அவரிடம், அவசரம் என்றால் இறங்கி நடக்கலாம், நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார். ஆனால் நம் ஊரில் ஒருவர் வண்டி பழகுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்? செத்த நேரத்தில் யோசனைகள் கிளம்பிவிட்டன.

“தோளத் தளர்த்தச் சொல்லுங்கப்பா!”

“ரெண்டாவதுலயே கெடக்காரு, மூணாவது போடணும்.”

“போட்டா விழுந்துருவாரு, சும்மா இரியும்.”

பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா மட்டும், “பாவம், அவரு பாட்டுக்குப் போகட்டும். எம்மவன் பழகும்போது ஒருத்தரும் இப்பிடி நின்னு பாக்கல” என்றாள். சித்தி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினாள்: “அத்தான்! விரல உருவுத மாதிரி! மூணாவது!”

அப்பாவுக்குக் கேட்டதோ இல்லையோ. இடதுகால் அசைந்தது. வண்டி துள்ளவில்லை. சத்தம் இளகி, பைக் எங்களைவிட்டுக் கொஞ்சம் விலகிப் போனது. பஸ்ஸில் ஒரே ஆரவாரம். ஆஸ்பத்திரிக்காரர்தான் முதலில் கைதட்டினார். அடுத்த வளைவில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தது. அப்பா பதறாமல் பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, குட்டி போனபின் மறுபடி கிளம்பினார். பூக்கூடை அம்மா, “இனி ஒண்ணும் இல்ல” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

கிருஷ்ணன்கோவிலில் பஸ் நின்றது. அப்பா பைக்கை மரத்தடியில் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். மாமா கையைக் கீழே நீட்டினார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அதற்குப் பிறகு பணி ஓய்வு பெறும் வரை அப்பா பைக்கில்தான் டெப்போவுக்குப் போனார். டெப்போவில் ஒரு மாதம் கேலி செய்து ஓய்ந்தார்கள். வீட்டில் இரவுதோறும் மூன்று தட்டும் ஒழுங்காக விழுந்தன. கல்லூரிக்குப் போக நான் ஸ்கூட்டர் எடுத்த வருடம், அம்மா ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அந்த மாமாவைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பயணத்துக்கு முந்தைய வருடம், அவர் ஓட்டிய பஸ்ஸின் இடதுபக்கம் பைக்கில் வந்த ஒரு பையன் பின்சக்கரத்தில் விழுந்து இறந்துபோனானாம். மாமாமேல் தவறில்லை என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லையாம். மாதக்கணக்கில் வண்டி எடுக்கவில்லை. விபத்தன்று ஆஸ்பத்திரிக்கு அவரோடு போனது அப்பா. அந்தப் பையனின் வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் அப்பாதான்.

எனக்கு நினைவிருப்பது அந்தப் பயணத்தில் பார்த்த மாமா. கிருஷ்ணன்கோவில் வரும்வரை அவர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. நான் ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவின் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்காமல், வியர்வை கழுத்தில் வழிய, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். நேரமாகிவிட்ட கோபம் என்று நினைத்தேன். ராஜபாளையம் போய்ச் சேர்ந்ததும் அம்மாவிடம், “அப்பாவால மாமாவுக்கு இன்னைக்குப் பயங்கரக் கோவம்” என்று சொல்லவும் செய்தேன்.