இரண்டாவது கணக்கு மிஷின்

டெலானிபூர் சர்வே ஆபீசில் கணக்குப் போடும் என் பதவியின் பெயர் கம்ப்யூட்டர். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தவறை எழுதிவைக்கிறேன்.

1. மிஷின் வந்தது

ஃபீல்டில் ஒரு எல்லைக்கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கோணமும் தூரமும் அளந்து வருவார்கள். அதிலிருந்து ஒவ்வொரு கல்லின் இடத்தையும் நாங்கள் கணக்கிடுவோம். முந்தின கல்லின் திசை தெரியாமல் அடுத்த கல்லுக்குப் போக முடியாது. கைப்பிடி சுற்றும் கணக்கு மிஷின் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வேண்டுமென்று விண்ணப்பம் எழுதியவள் நான். அது மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வரும் கப்பலில் வந்தது. கூடவே காதர் பாயும் எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்தார்.

மாயாபந்தர் பக்கம் குடியேறியவர்களுக்கு மழைக்கு முன் நிலம் பிரித்துத் தர வேண்டியிருந்தது. மொத்தம் அறுபது கல்.

"ஒரு ஆளுக்குப் பத்து நாள்னா ரெண்டு ஆளுக்கு அஞ்சு நாள். இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றார் சூப்பிரண்டெண்ட். நானும் யோசிக்கவில்லை.

2. பாதியில் வெட்டியது

முதல் முப்பது கல் எனக்கு, மீதி காதர் பாய்க்கு.

"நான் எந்தத் திசையில ஆரம்பிக்கிறது தங்கச்சி? உன் முப்பதாவது கல்லு வர்ற வரைக்கும் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு உக்காரவா?"

ஃபீல்டு புக்கில் அந்தக் கல்லில் காம்பஸ் வைத்துப் பார்த்த திசை ஒன்று இருந்தது. தோராயமானது. "இப்போதைக்கு இத வச்சுக்குங்க பாய். அப்புறம் திருத்திக்கலாம்" என்றேன். அவருடைய தாளில் 'தற்காலிகம்' என்று நான் எழுதவில்லை.

அவர் முதலில் முடித்தார். அன்று மாயாபந்தருக்கு போட் இருந்தது. நான் பதிவறைக்குப் போயிருந்த நேரத்தில் சூப்பிரண்டெண்ட் அந்தத் தாளைப் பையில் போட்டு அனுப்பிவிட்டார்.

என் முப்பதாவது கல் முடிந்தபோது, காதர் பாய்க்கு நான் கொடுத்த திசை ஒன்றரை டிகிரி தவறு என்று தெரிந்தது. கடைசிக் கல்லுக்குப் போகையில் அது ஐம்பது மீட்டருக்கு மேல் விலகியிருந்தது.

3. செல்லையாவின் வரப்பு

திருத்திய தாளோடு, சில வாரம் கழித்துக் கிளம்பிய அடுத்த போட்டில் நானே போனேன். அதற்குள் நிலம் அளக்கும் அமீன் பழைய தாளை வைத்து முளை அடித்துவிட்டார். பர்மாவிலிருந்து வந்த செல்லையா தனக்குக் காட்டிய இடத்தில் மரவேர்களைத் தோண்டி எடுத்து, வரப்பு கட்டி, நாற்றும் விட்டிருந்தார். திருத்திய கணக்கில் அந்த இடம் பக்கத்து வங்காளிக்காரருடையது. செல்லையாவுக்கு விழுந்தது அடிமரங்கள் நிற்கும் துண்டு.

"முளை அடிச்சது ஒங்க ஆளுதானே?" என்றார் செல்லையா.

"ஆமாங்க. அவர் மேல தப்பில்ல. கணக்கு என்னோடது."

"ரங்கூன்ல எந்திரின்னான், எந்திரிச்சோம். இங்க வந்து நீ சொல்ற. ஒனக்கும் எந்திரிக்கணுமாக்கும்."

அவர் மனைவி, "போதும் விடுங்க. கடல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்துருக்கு அந்தப் புள்ள. மறைச்சுட்டு அங்கயே இருந்துருந்தா நமக்கென்ன தெரியும்?" என்றார்.

"தெரியாமலே இருந்துருக்கலாம்" என்றார் செல்லையா.

வங்காளிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "நாத்து தும்ஹாரா ஹை, பாயி. லே ஜாவோ" என்றார். நாற்றைக் கொடுத்தார், நிலத்தை எப்படிக் கொடுப்பார்? மழை பிடித்துக்கொண்டது. அடிமரங்களுக்கு நடுவே நட முடிந்த அளவு நட்டார்கள். மீதி நாற்று நட இடமில்லாமல் முற்றிப் போயிற்று.

4. இப்போது செய்யும் முறை

திரும்பி வந்து, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று காதர் பாயோடு உட்கார்ந்து பட்டியல் போட்டேன்.

அ. எல்லாக் கற்களின் திசையையும் முதலில் ஒரே ஆள் வரிசையாகக் கணக்கிட வேண்டும்.
ஆ. தூரத்தை சைன், காஸ் மதிப்புகளால் பெருக்குவது ஒன்றுக்கொன்று காத்திருக்காத வேலை. அதை மட்டும் இரண்டு மிஷினுக்கும் பிரிக்கலாம்.
இ. பெருக்கி வந்ததைக் கல் கல்லாகக் கூட்டிக்கொண்டே போவது மறுபடி ஒரே ஆள்.
ஈ. இரண்டு பேரும் கையெழுத்துப் போடாத தாள் போட் ஏறக்கூடாது.

இப்படிச் செய்தால் பத்து நாள் வேலைக்கு ஏழு நாள் ஆகிறது. இரண்டாவது மிஷினால் கிடைப்பது அந்த மூன்று நாள்தான். அதற்கு மேலும் இரண்டு நாள் மிச்சம் பிடிக்க நான் ஆசைப்பட்டேன். அந்த இரண்டு நாளுக்காக செல்லையா ஒரு பருவத்தை இழந்தார்.