ஈரத் தரையில் ஓடைச் சத்தம்

அந்த அக்காவை முதலில் பார்த்த அன்று, அவர் துடைத்து முடித்த தரையில்தான் நான் நடந்துகொண்டிருந்தேன். கோலாலம்பூரில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். அதன் கீழ்த்தள முகப்பில் வைக்க ஒரு படைப்பு செய்து தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சென்சார், வீடியோ, கணினி நிரல் எல்லாம் சேர்த்து, பார்க்க வருகிறவர்கள் தொட்டால், நடந்தால் பதில் தருகிற படைப்புகள் செய்வது என் வேலை. இடத்தை அளக்கும் மும்முரத்தில் குறுக்கும் நெடுக்கும் போய்விட்டுத் திரும்பினால், என் செருப்புத் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"சாரிக்கா, பாக்கல."

"பரவால்லம்மா. யாரு பாக்கறா" என்றார்.

அந்தப் பேச்சிலிருந்துதான் படைப்பு பிறந்தது. வெள்ளை விரிப்பின் மேல் புரொஜெக்டர் ஈரத் தரையின் வீடியோவைக் காட்டும். விரிப்புக்கு அடியில் எடையை உணரும் பன்னிரண்டு சென்சார்கள். யாராவது மிதித்தால் அங்கே காலடித் தடம் விழும், துடைக்கிறவரின் குரல் கேட்கும். திட்டத்தைக் கட்டட நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நல்லது என்றார்கள்.

குரலைக் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் அக்காவின் வீட்டில் பதிவு செய்தோம். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு இருவரும் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தோம். துறைமுகத்து லோரி ஒவ்வொன்றும் போகிறவரை காத்திருந்து பேசினார். வேலை நேரத்தில் மனதுக்குள் சொல்வதையெல்லாம் சொல்லுங்கள் என்றேன். முதலில் வெட்கப்பட்டார், பிறகு நிறுத்த முடியவில்லை. அவர் மெலிந்த உடம்புக்காரர். அவர் மிதித்தாலும் பேச வேண்டுமென்று சென்சார்கள் உணரும் எடையின் அளவைத் திரும்பத் திரும்பக் குறைத்தேன்.

திறப்பு விழா அன்று காலை அக்கா லீவு போட்டுவிட்டுப் பட்டுப் புடவையில் தன் தங்கையோடு வந்தார். விரிப்பில் கால் வைத்தார். தடம் விழுந்தது. ஓடை ஓடும் சத்தமும் குருவிச் சத்தமும் கேட்டன. நகர்ந்து இன்னோர் இடத்தில் வைத்தார். மறுபடியும் ஓடை.

"என் கொரலு நல்லா வரலியாம்மா?" என்று கேட்டார்.

தூணுக்குப் பின்னால் வைத்திருந்த கணினியைத் திறந்தேன். என் நிரலை யாரும் தொடவில்லை. பன்னிரண்டு ஒலிக் கோப்புகளும் நான் வைத்த பெயரிலேயே இருந்தன, உள்ளே இருந்ததை மட்டும் மாற்றியிருந்தார்கள். கட்டட மேலாளரைத் தேடிப் போனேன். அவரும் தமிழர்தான்.

"இங்க ஆபீஸ் எடுத்திருக்கற டெனன்ட்ஸ் கம்ப்ளேன் பண்ணுவாங்க லா. கிளீனர் அதட்டுற மாதிரி இருக்கு. தண்ணிச் சத்தம் அமைதியா இருக்குல்ல? நீங்க நம்ம ஆளு, புரிஞ்சுக்கணும்."

"அவங்க யாரையும் அதட்டல. இந்தப் பக்கமா போங்கன்னுதான் சொல்றாங்க."

"அதான் சொல்றேன். இங்க வர்றவங்கள அவங்க அப்படிச் சொல்லக்கூடாது."

நான் கத்தினேன். விருந்தினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியதற்கு இன்றுவரை வருத்தமில்லை. என் பையில் அசல் கோப்புகள் இருந்தன. அக்காவிடம் வந்து, "போடவா?" என்றேன்.

"வேணாம்க்கா" என்று அக்காவிடம் சொன்னார் தங்கை. அது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி நின்றேன்.

அக்கா விரிப்பை விட்டு இறங்கி ஓரமாக நின்றார். "போடும்மா. நான் சொன்னதுதானே."

போட்டேன். கோட்டு போட்ட ஒருவர் கையில் காப்பியோடு விரிப்பில் ஏறினார். "ஐயா, இப்பதான் தொடச்சேன். அந்தப் பக்கமா போங்க" என்றது அக்காவின் குரல். அவருக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ, துள்ளி ஓரமாகப் போனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கால் மணி நேரம் அப்படி நடந்தது. பிறகு மேலாளர் காவலாளியை அனுப்பி மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார்.

மறுநாள் நான் எல்லாவற்றையும் கழற்றினேன். ஓடைச் சத்தத்தோடு அது அங்கேயே இருக்கட்டுமே என்று மேலாளர் கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரம் துப்புரவுக் குத்தகைக் கம்பெனி அக்காவை அவர் வீட்டிலிருந்து இன்னும் தூரமான அம்பாங்கில் ஒரு கட்டடத்துக்கு மாற்றியது. வழக்கமான மாற்றம்தான் என்றார்கள் கம்பெனியில். அது குத்தகைக்காரர் விஷயம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார் மேலாளர். இரண்டு பேருக்கும் அனுப்பக் கடிதம் எழுதி வைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"லெட்டர் கிட்டர் ஒண்ணும் அனுப்பாதம்மா. இருக்கற வேலையும் போயிரும்."

"எனக்குத் தாங்கலக்கா. அவங்கள சும்மா விடக்கூடாது."

"கோவம் எனக்கும் இருக்கு. அவங்க மேல நெறைய. ஒன் மேலயும் கொஞ்சம்" என்றார். குரலில் சூடில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

கடிதத்தை அனுப்பவில்லை. அந்த முடிவு என்னுடையதல்ல என்று அப்போதாவது தெரிந்தது.

அக்கா போனை வைக்கவில்லை. கிள்ளானிலிருந்து வருகிற ரயிலிலிருந்து எங்கே இறங்கி வேறு ரயில் மாறினால் அம்பாங்குக்குச் சீக்கிரம் போகலாம் என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன்.