ஆறு எண்கள் யார் போனுக்கு வரும்

திருப்பூர் நல்லூரில் இரண்டு நிட்டிங் யூனிட்டுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட வாடகை வீடு ஒன்றில் வசிப்பவள் ஜெயபாரதி. வயது இருபது. கல்லூரியில் ஆடை வடிவமைப்பு மூன்றாம் ஆண்டு. பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளில் வருவதுபோல் இளம் பிராயத்திலேயே அவளிடம் எந்த அறிகுறியும் தென்பட்டதாகத் தகவல் இல்லை. அவளுடைய வாழ்க்கையை மென்பொருளுக்கு முன், மென்பொருளுக்குப் பின் என்று இரண்டு பாகமாகப் பிரிக்கலாம். முதல் பாகத்தில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை, நிம்மதியாக இருந்தாள்.

இறுதிப் பருவத்தில் இரண்டாம் பாகம் தொடங்கியது. இருபத்து நான்கு வடிவமைப்புகளைப் படத்தோடு தொகுத்துக் கொடுத்தால்தான் பட்டம். கொடுக்கும்போது முடிந்த படம் மட்டும் போதாது, அடுக்கடுக்காக வேலை செய்த மூலக் கோப்பும் வேண்டும் என்று துறைத்தலைவர் அறிவித்துவிட்டார். அந்தக் கோப்பு ஒரே ஒரு மென்பொருளில்தான் பிறக்கும். போனில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகளையெல்லாம் ஜெயபாரதி முயன்று பார்த்தாள். அவை முகத்தை வெளுப்பாக்கின. தலையில் பூனைக் காது வைத்தன. அதற்கு மேல் அவற்றால் ஆகவில்லை.

மென்பொருளைச் சந்தாவுக்குத்தான் கொடுப்பார்கள். அவளுடைய அப்பா சாமியப்பன் பனியன் கம்பெனியில் டெய்லர். அம்மா கண்ணம்மாள் அதே கம்பெனியில் செக்கிங். திருப்பூரில் காலம் என்பது சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நகர்வது. வாரச் சம்பளம் அன்றைக்குத்தான். மளிகைக்கடை, பால்காரர், கேபிள்காரர் எல்லோரும் இதை அறிந்து தங்களைத் திருத்திக்கொண்டவர்கள். கடல் தாண்டி இருக்கும் மென்பொருள் கம்பெனிக்கு மட்டும் இந்த விவரம் எட்டவில்லை. அது மாதம் பிறந்து பதினான்காம் தேதி ஆனால் கார்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளப் பார்க்கும். அந்தப் பதினான்காம் தேதி ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. சாமியப்பனின் கணக்கில் அன்று எடுப்பதற்கு ஒன்றுமில்லை. எடுக்க முடியாமல் போனதற்காக வங்கி தன் பங்குக்கு ஓர் அபராதம் எடுத்துக்கொண்டது.

மாணவர்களுக்குப் பாதி விலை உண்டு. அதற்குக் கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி வேண்டும். அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பித்தாள். மூன்று வாரம் கழித்து, மின்னஞ்சல் முகவரியைத் தபாலில் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்கள்.

அதுவரை இலவசச் சோதனைக் காலத்தை நம்பினாள். ஒரு ஆளுக்கு ஏழு நாள். முதல் வாரம் ஜெயபாரதி. இரண்டாம் வாரம் மென்பொருளின் பதிவில் சாமியப்பன் புகைப்படக் கலைஞராக இருந்தார். அது அவருக்குத் தெரியாது. மூன்றாம் வாரம் கண்ணம்மாள். நான்காம் வாரம் குடும்பத்தில் ஆள் தீர்ந்துபோனது.

இந்தக் கட்டத்தில்தான் தாய்மாமன் ஈஸ்வரமூர்த்தி உள்ளே வருகிறார். கண்ணம்மாளுக்கு மூத்தவர். இருபது மிஷின் போட்டுச் சொந்தமாகக் கம்பெனி நடத்துபவர். போர்டில் எக்ஸ்போர்ட்ஸ் என்று இருந்தாலும் சரக்கு மும்பையைத் தாண்டியதில்லை. கிரெடிட் கார்டு வைத்திருந்தார். தங்கை மகள் முகம் வாடியிருப்பதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏங்கண்ணு, மாமன் இருக்கறப்ப நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கற? ஒரு வருசத்துக்கே போட்டுட்டாப் போச்சு."

போட்டுவிட்டார். கார்டு அவருடையது என்பதால் போன் நம்பரும் அவருடையதே கொடுக்கப்பட்டது. ஒரே சந்தாவில் இரண்டு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், ஒன்று மருமகள் ஜெயபாரதியின் பழைய லேப்டாப்பிலும் இன்னொன்று கம்பெனி ஆபீசிலும் ஏறின. கண்ணம்மாள் அரிசியும் வெல்லமும் சேர்த்துக் கச்சாயம் சுட்டு அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். சாமியப்பன், மச்சானைப் போல மனுசனைப் பார்க்க முடியாது என்று டீக்கடையில் நான்கு பேரிடம் சொன்னார்.

மென்பொருள் சந்தேக சுபாவம் கொண்டது. ஒரு கம்ப்யூட்டரில் திறந்துவிட்டு இன்னொன்றில் திறந்தால், இது நீங்கள்தானா என்று கேட்கும். ஆமாம் என்றால் நம்பாது. பதிவான போனுக்கு ஆறு எண்கள் அனுப்பும்; அவற்றைச் சொன்னால்தான் கதவு திறக்கும். ஆபீசில் தினமும் திறந்தார்கள். ஆகவே ஜெயபாரதி தன் வீட்டில், தன் லேப்டாப்பில், தன் படத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு எண்கள் ஈஸ்வரமூர்த்தியின் சட்டைப்பையில் போய் இறங்கின.

அவர் ஒருநாளும் இல்லையென்று சொன்னவரல்ல. "சொல்றேன் கண்ணு, தொறந்ததும் மொதல்ல நம்முளது ஒரு சின்ன வேல" என்பார். சின்ன வேலைதான். டீசர்ட் படத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை எடுக்க வேண்டும். கம்பெனிக்கு மாடல் கிடையாது. பேக்கிங்கில் இருக்கும் பூபாலனை நிற்கவைத்துத்தான் எடுப்பார்கள், அவருக்குத் தொப்பையைக் குறைத்துத் தர வேண்டும். பூபாலன் அந்தப் படங்களை வீட்டில் காட்டி, மனைவியிடம் நடைப்பயிற்சியிலிருந்து விலக்கு வாங்கினார் என்பது தனிக் கதை. பிறகு சம்பந்தி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஃபிளெக்ஸ். பழனி பாதயாத்திரைக் குழுவுக்கு இன்னொரு ஃபிளெக்ஸ்.

கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் தொழிலில் பாதியை முன்னால் கொடுத்து, மீதியைச் சரக்கு வந்தபின் கொடுப்பது வழக்கம். இருபத்தைந்து வருடம் அதிலேயே ஊறியவர் ஈஸ்வரமூர்த்தி. ஒருமுறை, வேலையை ஆரம்பிக்க ஊக்கமாக இருக்கட்டும் என்று முதல் மூன்று எண்களை மட்டும் சொன்னார். மீதி மூன்று படம் வந்தபின். மூன்று எண்ணுக்குக் கதவு பாதி திறக்காது என்பதும், பத்து நிமிடத்தில் ஆறுமே காலாவதியாகிவிடும் என்பதும் அவருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. அப்படியொரு மோசமான வியாபாரத்தை அவர் கேள்விப்பட்டதில்லை.

ஜெயபாரதி வீட்டில் முறையிட்டாள். மாமன் கேட்பதைச் செய்துகொடுத்தால் தேய்ந்தா போய்விடுவாய் என்று சாமியப்பன் கேட்டார். கண்ணம்மாள் இன்னொரு தடவை கச்சாயத்துக்கு அரிசி ஊறவைத்தாள்.

தொகுப்பை ஒப்படைக்கக் கடைசி நாள் மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. இருபத்து மூன்று முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை கடைசிப் படத்துக்காக எண் கேட்டபோது மாமா எண்ணோடு ஒரு பச்சை டீசர்ட்டின் படத்தையும் அனுப்பி, முதலில் அதைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கச் சொன்னார். மும்பையில் ஆன்லைனில் துணி விற்பதற்காக இவரிடம் சரக்கு வாங்கும் ஒரு பையருக்கான சாம்பிள் அது. தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் போல ஒரு பச்சை. ஜெயபாரதிக்கு அவசரம். திரையில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டைப் பிடித்து வலதுபக்கம் இழுத்தாள். பச்சை எழுந்து உட்கார்ந்தது. இன்னும் இழுத்தாள். மழையில் நனைந்த மயில் கழுத்தைத் திருப்பியது போல ஆனது. அனுப்பிவிட்டாள். தன் படத்தை எடுப்பதற்குள் ஆபீசில் திறந்துவிட்டார்கள்.

ஈஸ்வரமூர்த்தி கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவர். படத்தைப் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். நிறத்துக்கு அப்ரூவல் வாங்க வேண்டுமானால் சாயம் ஏற்றிய துணியைக் கத்தரித்துக் கூரியரில் அனுப்பி, பையர் அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பியனுப்புவதுதான் முறை. முருகனுடைய வாகனத்தைக் கூரியரில் காக்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தையே வாட்ஸப்பில் அனுப்பி, இதுதான் ஷேடு என்றார். நான்கு நிமிடத்தில் அப்ரூவல் வந்தது. நாலாயிரம் பீஸ். இதே நிறம், மாறக்கூடாது.

அடுத்த மூன்று நாளும் மாமா சாயம், சாயம் என்று அலைந்ததில் எண் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஜெயபாரதி மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். மென்பொருள் ஆறு எண்களைக் கேட்டது. மாமாவுக்கு ஒன்பது முறை அடித்தாள்; எடுக்கவில்லை. ஆபீசில் விசாரித்தால் விடிந்ததிலிருந்து சாயப்பட்டறையில் இருக்கிறார் என்றார்கள். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

சாயப்பட்டறை வாசலில், வெயிலில், ஈஸ்வரமூர்த்தி நின்றிருந்தார். எதிரே ஒரு கம்பியில் கைக்குட்டை அளவில் ஏழு பச்சைத் துண்டுகள் தொங்கின. ஒரு கையில் போனைப் பிடித்து, ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஏழாவது முடிந்ததும் மறுபடி ஒன்றுக்கு வந்தார். டையிங் மாஸ்டர் ராஜவேல், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் சாயத்தில் நின்றவர், ஓரமாக ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அவர் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"மாமா, நாலு மணிக்குள்ள குடுக்கோணுங்க. நம்பர் மட்டும் சொல்லிட்டீங்கன்னா போயிர்றேன்."

"நம்பர் எங்க கண்ணு போயிரும்? நாலாயிரம் பீஸ் நிக்குது. இந்தக் கலரு நீ பண்ணுனதுதான? மாஸ்டர்கிட்டச் சொல்லு, என்னென்ன கலந்தா வரும்னு."

"நான் ஒண்ணும் கலக்கலீங்க மாமா. இழுத்தேன், வந்துச்சு."

ராஜவேல் டிரம்மிலிருந்து எழுந்து வந்தார். குரலில் கோபம் இல்லை; எல்லாம் தீர்ந்திருந்தது.

"இந்த நெறம் சாயத்துல கெடையாது தாயி. கரண்டுல மட்டுந்தான் இருக்கு. போன அமத்துனா போயிரும்."

மணி பதினொன்றரை. துணி அந்த நிறத்துக்கு வரும்வரை எண் வராது. அந்த நிறம் துணிக்கு ஒருநாளும் வராது. இவை இரண்டுக்கும் நடுவே பையோடு நின்ற ஜெயபாரதி, மாமாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். காலையில் வந்த எண் அதில் எப்போதோ காலாவதியாகியிருந்தது. ஏழு துண்டுகளில் சுமாரானதை வெயிலில் பிடித்துப் படமெடுத்தாள். அதை எதுவும் செய்யாமல் அப்படியே பையருக்கு அனுப்பி, நீங்கள் அப்ரூவ் செய்தது கம்ப்யூட்டரில் ஏற்றிய நிறம், துணியில் வருவது இதுதான் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். ஈஸ்வரமூர்த்தி அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் உட்கார ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். டிரம் காலியாக இருந்தது.

முக்கால் மணி நேரம் பதில் இல்லை. இருபத்தைந்து வருடத் தொழில் அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

பையர் அம்மையாரின் குரல் போனில் வந்தபோது அதில் கோபமே இல்லை. வாங்குகிறவர்கள் யாரும் துணியைப் பார்த்து வாங்குவதில்லை, போனைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று அவர் விளக்கினார். துணி எந்தப் பச்சையில் வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும். வெப்சைட்டில் போடும் படங்கள் மட்டும் அந்த முதல் படத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும். திரையைப் பொறுத்து நிறம் சற்றே மாறலாம் என்று கீழே ஒரு வரி போட்டுக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை: முதல் படத்தைச் செய்தவர் யாரோ, அவரேதான் எல்லாப் படங்களையும் செய்ய வேண்டும். இந்த சீசனுக்கு நாற்பத்தாறு. அடுத்ததற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்.

ராஜவேல் ஏழு துண்டுகளையும் கம்பியிலிருந்து உருவி, முகம் துடைத்துக்கொண்டார். ஈஸ்வரமூர்த்தி டிரம்மிலிருந்து எழுந்து, மருதமலை இருக்கும் திசை என்று தான் கருதிய பக்கம் கும்பிட்டார். பிறகு மருமகள் தலையில் கை வைத்தார்.

"மாமா, படமெல்லாம் பண்ணித் தர்றேங்க. போன் நம்பர மட்டும் என்னோட நம்பருக்கு மாத்திக் குடுத்துருங்க."

"என்ற நம்பர்ல இருந்தா என்ன கண்ணு? நான் என்ன வேத்தாளா?"

"இருந்தா படம் வராதுங்க மாமா."

மிகுந்த மரியாதையோடுதான் சொன்னாள். ஆனாலும் ராஜவேல் திரும்பிப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தி, இந்தக் குடும்பத்தில் இப்படியொரு வாக்கியம் இதற்கு முன் உச்சரிக்கப்பட்டதா என்று யோசிப்பவர்போல் நின்றார். பின்னர் போனை நீட்டினார். நம்பர் மாறுவதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்த டிரம்மின் மேலேயே லேப்டாப்பை வைத்து இருபத்து நான்காவது படத்தை முடித்து, மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கல்லூரிக்கு அனுப்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தன் படத்தைத் தானே எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற நினைப்போடு நல்லூர் வரை வந்தாள். அவள் முழுச் சுதந்திரத்தோடு இருந்த காலம் என்று இந்தப் பதினெட்டு மணி நேரத்தைக் குறிப்பிடலாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசில் மென்பொருளைத் திறந்தார்கள். இது நீங்கள்தானா என்று அது கேட்டது. ஆறு எண்கள் ஜெயபாரதியின் போனுக்கு வந்தன. பின்னாலேயே மாமாவும் வந்தார். மதியம் மறுபடி. அவள் படம் அனுப்பினால் ஆபீசில் திறந்து அளவு பார்ப்பார்கள். ஆபீசில் திறந்தால் அவள் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளும். குளிக்கும்போது போனை ஜன்னலில் வைத்தாள். சினிமாவுக்குப் போன தோழிகள் இடைவேளைக்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. சார்ஜ் இறங்கிய ஒரு நாள் மச்சான் கம்பெனியில் நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று சாமியப்பன் வருத்தத்தோடு தெரிவித்தார். போனை அணைத்துவைக்கலாம் என்றால் சந்தா மாமாவுடைய கார்டில் ஓடுகிறது. நாற்பத்தாறில் முடிந்தது பதினொன்றுதான்.

ஈஸ்வரமூர்த்தியிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கேட்கும் இடத்தில் இருப்பவர் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவர் உடனே கற்றுக்கொண்டுவிட்டார்.

தொகுப்புக்கான வாய்மொழித் தேர்வு ஏப்ரலில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இருபத்து நான்கு பக்கங்களையும் நிதானமாகப் புரட்டினார். நன்றாக இருக்கிறது என்றார். படிப்பு முடிந்ததும் என்ன செய்வதாக உத்தேசம், சொந்தமாக ஏதாவது தொடங்குவீர்களா என்று கேட்டுவிட்டு, மதிப்பெண் தாளின் மேல் பேனாவை வைத்தார்.

ஜெயபாரதி வாயைத் திறந்தாள். துப்பட்டாவுக்கு உள்ளே போன் ஒருமுறை அதிர்ந்தது. அது எண்கள். உடனே தொடர்ந்து அதிர ஆரம்பித்தது. அது மாமா. மன்னிக்க வேண்டும் சார், ஒரே நிமிடம் என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிக் காதில் வைத்தாள்.

"ஜெயபாரதிங்களா? மாமன் பேசறனுங்க. நம்பர் வந்துதுங்களா?"

"மூணு, ஏழு, ஏழு..."

"கொஞ்சம் இருங்க கண்ணு. பேனா தேடிக்கறேன்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். தேர்வாளரும் காத்திருந்தார்.