சாவி கையில், ஜீப் வீதியில்

துறைமுகப் பண்டகசாலையில் மூட்டை தூக்கும் மின்சார வண்டிகளைப் பதினெட்டு வருடம் பழுதுபார்த்தவர் ஸெய்னுதீன் நானா. கப்பல் வரத்துக் குறைந்து வேலை போனபோது, கழித்துவிட்ட மோட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி ஜமாலியாவிலுள்ள வீட்டுக்குக் கொண்டுவந்தார். என்னத்துக்கென்று மனைவி மைமூனா கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படிக் கேட்டுப் பயனில்லை.

அந்த மோட்டருக்குத் தேவை தொண்ணூற்றெட்டில் வந்தது. மைமூனா நிலாவெளியில் ஒரு பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பஸ் வந்தால் வரும், பெற்றோலும் அப்படித்தான். பாடசாலை அதிபர் காலை ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடுவார். பிந்தி வருபவர்கள் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட வேண்டும். இன்னுமொரு தரம் கீழே ஒப்பமிட்டால் புலமைப்பரிசில் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த முப்பத்தொரு பிள்ளைகளையும் மூன்றாம் வகுப்பிலிருந்து கூட்டிவந்தவர் மைமூனா.

நானா தன் சின்ன ஃபோர்வீல் ஜீப்பின் கீழே போய்ப் படுத்தார். முன் சில்லுகளை எஞ்சினுக்கே விட்டார். பின் சில்லுகளுக்குப் போகும் தண்டைக் கழற்றி, அந்த இடத்தில் துறைமுக மோட்டரைப் பூட்டினார். பின்னால் ஆறு லொறிப் பற்றரிகள். குசினிச் சுவரிலிருந்த பிளக்கில் வயரைச் செருகிவிட்டுப் படுத்தால் விடிய ஜீப் தயார். கரண்ட் தீர்ந்தால் பெற்றோல்.

யுத்த காலம், பற்றரி வாங்கவும் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். "ஒரு வாகனத்துக்கு ஒரு பற்றரிதானே?" என்று அவர் கேட்க, "இது கொஞ்சம் கூடச் சாப்பிடும், சேர்," என்றாராம் நானா.

அதற்குப் பிறகு பல ஊர்களில் மின்சார வண்டிகள் பார்த்திருக்கிறேன். எதிலும் பற்றரிகளைத் தும்புக்கயிற்றால் கட்டியிருக்கவில்லை. ஆனாலும் ஜீப் முதன்முதலாகக் கரண்டில் வீதிக்கு வந்த திங்கட்கிழமை, வழியில் சாம்பல்தீவிலுள்ள சித்தியிடம் போக, பக்கத்து வீட்டுக்காரியான நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சத்தமே இல்லாமல் போனோம். நாய்கள்கூடத் திரும்பவில்லை. வழக்கம்போல இராணுவச் சோதனைச்சாவடியின் மணல் பீப்பாவுக்கு முன் நிறுத்தி, வழக்கம்போல சாவியைக் கழற்றி, அடையாள அட்டையோடு கையில் பிடித்துக்கொண்டு நானா இறங்கினார். நானும் இறங்கினேன். டீச்சரை அவர்களுக்குத் தெரியும், இறங்கச் சொல்வதில்லை.

சாவி எஞ்சினுக்கு மட்டும். மோட்டருக்குத் தனி லீவர். அதை நிறுத்த நானா மறந்துவிட்டார். கைப்பிரேக்கோ கழற்றிய தண்டோடு போயிருந்தது. பிரேக்கிலிருந்து கால் எடுபட்டதும் ஜீப் மைமூனாவோடு மெல்ல நடக்கத் தொடங்கியது. ஒரு சிப்பாயின் துவக்கு உயர்ந்தது.

மைமூனா கொப்பிக் கட்டை மடியிலிருந்து தள்ளிவிட்டு, பக்கத்து ஆசனத்திலிருந்து நகர்ந்து பிரேக்கை மிதித்தார். ஜீப் மணல் பீப்பாவில் மூக்கை வைத்து நின்றது.

"லீவரை முன்னால தள்ளவா, பின்னால இழுக்கவா?" என்று வகுப்பில் கேட்கும் குரலில் கேட்டார்.

"பின்னால, பின்னால," என்றார் நானா.

கோப்ரல் சாவியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். "சாவி கையில. வண்டி போறது. யார் ஓட்டினது?"

"ஒருத்தருமில்ல மாத்தயா," என்றார் மைமூனா. "அவர் செஞ்ச வண்டி. அவரப் போலத்தான், சொன்னாக் கேக்காது."

துவக்குக்காரர் முதலில் சிரித்தார். பிறகும் அவர்கள் ஒவ்வொரு பற்றரியையும் தட்டி, ஒவ்வொரு வயரையும் தடவி, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்கள். இனிமேல் சாவடிக்கு வரும்போது எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்பது உத்தரவு. எங்களைப் போகவிட்டபோது மணி ஏழு பதினாறு. இன்னும் ஒன்பது கிலோமீற்றர்.

"கரண்டில போனா எட்டு மணியாகும். எஞ்சின் போடவா?" என்றார் நானா.

"ரெண்டையும் போடுங்க."

"ரெண்டையும் சேத்து இன்னும் பாக்கல்லயே, புள்ள."

"இப்பப் பாருங்க."

முன் சில்லு இழுக்க, பின் சில்லு தள்ள, ஜீப் பறந்தது. சாம்பல்தீவில் சித்தி வாசலில் நின்று கையசைத்தாள். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானும் கையசைத்தேன்.

பாடசாலை அலுவலக யன்னலால் அதிபரைக் கண்டோம். ஒரு கையில் சிவப்புப் பேனை, மற்றக் கையில் அடிமட்டம். மைமூனா செருப்பொன்றை வழியில் விட்டுவிட்டு ஓடினார். குனிந்து ஒப்பமிட்டார். அதிபர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அடிமட்டத்தை மைமூனாவின் பெயருக்குக் கீழே நகர்த்திக் கோடு கிழித்தார்.

மைமூனா வாசலுக்கு வந்தார். "மேல," என்றார். "பின்னேரம் ரெண்டு மணிக்கு வாங்க."

நானா தலையாட்டினார். பெற்றோல் முள்ளும் பற்றரி முள்ளும் ஒன்றாக அடியில் கிடந்தன.

"வாறத்துக்கு முதல்ல போகோணுமே, தங்கச்சி," என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டு, ஜீப்பிலிருந்த வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிளக் எங்கே இருக்கிறதென்று அதிபரிடம் கேட்கப் போனார்.