அக்காவுக்கு ஓர் அறை

தஞ்சாவூரில் நிலம், வீடு சம்பந்தப்பட்ட வேலைகளை மட்டும் பார்க்கும் வக்கீல் நான். குடும்பச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதப் பெண்கள் வந்தால், உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக ஒரு வார்த்தை கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் “எனக்குச் சம்மதம்தாங்க” என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

ஒருமுறை திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். பெற்றோர் இருவரும் காலமாகியிருந்தார்கள். தம்பி ஊரிலேயே இருந்து விவசாயம் பார்ப்பவர். அக்கா கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவர், பிள்ளைகள் இல்லை. தம்பியை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

“மனசோடதான் எழுதிக் குடுக்கிறீங்களா?”

“நிலம் அவனுக்குத்தாம்மா. சேத்துல நின்னது அவன்தானே.” சற்றுத் தயங்கினார். “ஆனா நாளைக்கு நான் அங்க போனா, யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. பின்பக்க ரூம் போதும்.”

ஆயுள் முழுக்க அங்கே தங்கும் உரிமை என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றேன்.

“அவன் மனசு நொந்துபோயிடும்மா” என்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

தம்பி திரும்பி வந்தார், கையில் அக்காவுக்குச் சர்க்கரை போடாத டீயோடு. சேர்த்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“எங்க வீட்டுக்கு அக்கா வர்றதுக்குப் பத்திரமா மேடம்?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்க இருக்கிற வரைக்கும் தேவையே இல்லீங்க. உங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும்ல?” என்றேன்.

தம்பி டீயை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, “பின்பக்க ரூம் மழைக்கு ஒழுகும். முன்பக்க ரூம்னு மாத்துங்க” என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “டீ ஆறுது, குடி” என்றார் தம்பி. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ஒரு சொல்லை மாற்ற வேண்டிய இடத்தில் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தேன்.

சில வருடங்கள் கழித்து அந்தப் பக்கம் வேறொரு நிலத்தைப் பார்க்கப் போனேன். சம்பா நடவு நேரம். கணவர் இறந்தபின் அக்கா தம்பி வீட்டுக்கே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, உள்ளே எட்டிப்பார்த்தேன். அக்கா வயலுக்குக் கொண்டுபோகத் தூக்குவாளியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மோருக்கு உப்புப் பத்தலைன்னு சொன்னேன். நேத்து பூரா சண்டை மேடம்” என்று தம்பி முறையிட்டார்.

“பேசாம வண்டியை எடு” என்றார் அக்கா.

எனக்கும் ஒரு டம்ளர் மோர் வந்தது. உண்மையிலேயே உப்புப் பத்தவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.