தராசு அக்கா பேரம் பேசாத நாள்

என் ஓரகத்தியைத் தெருவில் தராசு என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது, முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் அது தெரியும். "எடை சரியா இருந்தா தராசுக்கு என்ன வெக்கம்?" என்பாள்.

எங்கள் வீட்டு ஆண்கள் நடத்தியது வட்டிக்கடை. வீட்டின் முன்கூடம்தான் கடை. ஊரில் நாலு காசு சேர்த்தவர்கள் எங்களிடம் கொண்டுவந்து போடுவார்கள். அதை வியாபாரிகளுக்குக் கடனாகக் கொடுப்போம். வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் நடுவில் மிஞ்சியதைச் சாப்பிட்டோம். பணம் பெட்டியில் தூங்கினால் எங்களுக்குச் சோறில்லை. அதனால் பெட்டியில் எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும், மற்றதெல்லாம் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். போட்டவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் அவர்கள் நிம்மதியாகத் தூங்கியது எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்துத்தான். இல்லை என்பவர்கள் என்னிடம் வந்து பேசட்டும். வட்டிக்கடை வீட்டுக்காரி புதுசு புதுசாக உடுத்தினால் 'எல்லாம் நம்ம பணம்' என்பார்கள், கிழிசலை உடுத்தினால் 'கடை ஆட்டம் கண்டிருச்சு' என்பார்கள். என் ஓரகத்தி வெளுத்த புடவை கட்டுவாள், ஆனால் ஒரு இழை பிரிந்திருக்காது. காலையில் காய்கறிக்காரியிடம் போய் ஒரு வெங்காயத்துக்கு மல்லுக்கு நிற்பாள்.

"இந்த விலைக்குக் குடுத்தா நான் கூடையைத்தான் திங்கணும் அக்கா."

"தின்னு. கூடையாவது சொத்தை இல்லாம இருக்கும்."

அந்தக் காய்கறிக்காரியும் எங்களிடம் பணம் போட்டவள்தான். வாய்க்குள் திட்டிக்கொண்டே போவாள், ஆனால் வயிற்றில் பயமில்லாமல் போவாள்.

ஒரு நாள் விடிந்தபோதே ஓரகத்திக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியவில்லை. வீங்கின முகத்தை ஊர் பார்க்கக் கூடாதென்று முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். காய்கறிக்காரி சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள்.

காய்கறிக்காரிக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்துக் கடைக்காரனிடம் சொன்னாளாம்: "கண்ணெல்லாம் செவந்திருக்கு. மூஞ்சிய மூடிட்டு வந்தாங்க. கேட்டதக் குடுத்துட்டாங்க! இது ஊரக் காலி பண்றவங்க லட்சணம்."

அடுப்பில் வைத்த உலை கொதிக்கும் முன்பே எங்கள் வாசலில் கூட்டம். பெரியவர், அதாவது ஓரகத்தியின் வீட்டுக்காரர், உள்ளே ஓடி வந்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் சத்தம் கேட்டால் வெளிறிப்போவார்.

"பல்வலின்னு சொல்லிட்டேன். சிரிக்கிறாங்க. 'உங்களுக்குப் பல்வலி, எங்களுக்கு வயித்துவலி, பணத்தக் குடுங்க'ங்கிறாங்க. கதவச் சாத்திடறேன். நாலு இடத்துல வசூல் பண்ணிட்டு வந்து சாயங்காலம் திறந்துக்கலாம்."

"சாத்துனா அப்புறம் திறக்கக் கதவு நம்மளோடதா இருக்காது," என்றாள் ஓரகத்தி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச முடிந்தது. அடுக்களையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப்போய்ப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அதுவரை ஒரு பெண்ணும் அங்கே உட்கார்ந்ததில்லை. முந்தானையை எடுத்துவிட்டுக் காய்கறிக்காரியை முதல் ஆளாகக் கூப்பிட்டாள்.

"கிட்ட வந்து பாரு. அழுத மூஞ்சியா, வீங்குன மூஞ்சியா?"

"வீங்குன மூஞ்சிதான் அக்கா."

"அப்ப பணம் வேண்டாமா?"

"வேணும் அக்கா."

கூட்டம் சிரித்துவிட்டது. ஓரகத்தி சிரிக்கவில்லை. வட்டியோடு எண்ணிக் கொடுக்கச் சொன்னாள்.

சிரித்தவர்களில் சிலர் வீட்டுக்குப் போனார்கள். போகாதவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போக, மதியத்துக்கு மேல் பெட்டியின் அடித்தகடு தெரிய ஆரம்பித்தது. பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அப்போது எதிர்க்கடைக்காரர் தெருவைத் தாண்டி வந்தார். அவரும் வட்டிக்கடைதான், எங்களுக்கு ஆகாதவர். கையில் கனமான பை. குனிந்து ஓரகத்தியின் காதருகே சொன்னார்: "உங்க மேல பாசம்னு நெனைக்காதீங்க. இங்க கதவு மூடினா இந்தக் கூட்டம் அப்படியே என் வாசலுக்கு வரும்." பிறகு நிமிர்ந்து, தெருமுனைக்குக் கேட்கும்படி, "இதையும் உங்க கடையில போட்டு வைங்க. என் பெட்டியில இடமில்ல!" என்றார்.

அவ்வளவுதான். வரிசை கரைந்தது. அந்தப் பைக்கு அவர் பிறகு வாங்கிய வட்டியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் கடை நின்றது.

ஓரகத்தியால்தான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. பணம் போட வருகிறவர்கள் பெரியவரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். "அக்கா இருக்காங்களா?" என்றுதான் வாசலிலிருந்தே கேட்பார்கள். ஒருமுறை அவள் குளிக்கப் போய்ச் சற்றுத் தாமதமானதற்கே ஒருவர் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பல்லைப் பிடுங்கக்கூடப் பல் வைத்தியரைக் கடைக்கே வரவழைத்தோம். போட்டவர்கள் பார்க்கப் பார்க்கப் பிடுங்கினார்.

மறு வருஷம் அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். வெளியூரில், மாமியார் வீட்டில். முறைப்படி எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதற்குள் வலி எடுத்துவிட்டது. கஷ்டமான பிரசவம் என்றும், பெண் அம்மாவைக் கேட்கிறாள் என்றும் ஆள் வந்து சொன்னான். ஓரகத்தி எழுந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதைக் கவனித்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போயிட்டு வா," என்றாள் என்னிடம்.

"நீ பெத்த பொண்ணு அக்கா. ரெண்டு நாளுதான்."

"நான் எந்திரிச்சா இவங்களும் எந்திரிப்பாங்க. எதிர்க்கடைக்காரர் ரெண்டாவது தடவ பையத் தூக்கிட்டு வர மாட்டாரு. போ."

போனேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண்.

"அம்மா வரலியா சித்தி?"

"கடைய விட்டு வர முடியல கண்ணு."

"அம்மா சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?"

"அவ சொன்னதுதான்."

அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஊருக்குத் திரும்பும் வரை அம்மாவைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது ஓரகத்திக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மூக்கு யாரோடது?" என்றாள்.

"உன்னோடதுக்கா."

தலையை ஆட்டினாள். முன்னால் இருந்தவரிடம், "நீங்க எண்ணுங்க," என்றாள்.